சிலபஸ் பிறந்த கதை

செமஸ்டர் தேர்வு நடக்கும் நாட்களில் ஏதாவது ஒரு கல்லூரி வாசலில் இந்தக் குரல் கேட்டே தீரும்: “சார், பதிமூணாவது கேள்வி அவுட் ஆஃப் சிலபஸ்!” துறைத்தலைவர் பாடத்திட்டத்தைப் புரட்டிப் பார்ப்பார். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குக் கடிதம் போகும். புகார் சரிதான் என்று தெரிந்தால், அந்தக் கேள்வியைத் தொட்டவர்களுக்கு மதிப்பெண் கிடைக்கவும் வாய்ப்புண்டு. கேள்வி கேட்டவர் எவ்வளவு பெரிய பேராசிரியராக இருந்தாலும் அச்சிட்ட அந்த ஒரு பக்கத்துக்குக் கட்டுப்பட்டவர்தான். பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி பேராசிரியரைப் பார்த்து, “இதைக் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை” என்று சொல்ல முடிகிறது.

இந்த உரிமை நம் ஊரில் பழையது அல்ல. 1871-இல் உ.வே.சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். எந்த நூலில் தொடங்குவது, எப்போது அடுத்ததற்குப் போவது, பையன் தேறிவிட்டானா இல்லையா என்பதெல்லாம் பிள்ளையவர்களின் மனத்தில்தான் இருந்தது. பருவத் தேர்வும் கிடையாது, மதிப்பெண் பட்டியலும் கிடையாது. பாடம் சொன்னவரே சோதித்தார். அவர் வாயிலிருந்து வந்த பாராட்டுதான் சான்றிதழ். அங்கே போய் ‘பாடத்துக்கு வெளியே கேட்டுவிட்டீர்கள்’ என்று யாரிடம் சொல்வது?

நடத்துகிறவர் ஒருவர், சோதிக்கிறவர் வேறொருவர் என்று ஆனபோதுதான் நாம் இன்று சிலபஸ் என்று சொல்லும் தாளுக்குத் தேவை வந்தது. ஆசிரியர் கையிலிருந்து மதிப்பிடும் அதிகாரம் எப்படிப் போனது, பிறகு எப்படித் தவணை முறையில் திரும்பி வருகிறது என்பதுதான் அந்தத் தாளின் வரலாறு. முதல் நாள் வகுப்பில் கையில் கிடைக்கும் அந்தப் பக்கத்தில் உள்ள ஒவ்வொரு கட்டமும் ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு நெருக்கடியில் பிறந்தது.

லண்டன் அச்சு

1836-இல் சாசனம் பெற்ற லண்டன் பல்கலைக்கழகம் தானே வகுப்பு நடத்தவில்லை. கல்லூரிகள் நடத்தும், பல்கலைக்கழகம் தேர்வு வைத்துப் பட்டம் கொடுக்கும். 1854-இல் இந்தியாவின் கல்விக்குத் திட்டம் தீட்டி அனுப்பிய சார்லஸ் வுட்டுக்கு இந்த ஏற்பாடு பிடித்துப்போனது. பேராசிரியர்களைக் கப்பலில் வரவழைத்துச் சம்பளம் கொடுக்க வேண்டாம். வினாத்தாள் அச்சிட்டு, விடைத்தாள் திருத்தினால் போதும். 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் இந்த அச்சில் வார்க்கப்பட்டன. சென்னைக்கான சட்டம் அந்த ஆண்டு செப்டம்பர் 5-இல் நிறைவேறியது. வேடிக்கை என்னவென்றால், அடுத்த ஆண்டே லண்டன் தன் ஏற்பாட்டை மாற்றிக்கொண்டது. எந்தக் கல்லூரியிலும் படிக்காதவர்கூடத் தேர்வு எழுதலாம் என்று 1858-இன் புதிய சாசனம் கதவைத் திறந்துவிட்டது. இணைப்புக் கல்லூரி முறையை நாமோ இன்றுவரை கைவிடாமல் வைத்திருக்கிறோம்.

கும்பகோணத்தில் பாடம் நடத்துகிறவருக்குச் சென்னையில் கேள்வி எழுதுகிறவரைத் தெரியாது. அவருக்கு இவரைத் தெரியாது. இரண்டு பேரையும் இணைக்க ஓர் எழுத்து ஆதாரம் வேண்டியிருந்தது. எந்தத் தேர்வுக்கு எந்தப் பாடம், எந்த நூல், அதில் எந்தப் பகுதி என்று பல்கலைக்கழகம் ‘காலண்டர்’ என்ற தன் ஆண்டுக் கையேட்டில் அச்சிட்டு வெளியிட்டது. நம் சிலபஸ் புத்தகத்துக்கு மூதாதை அந்தக் காலண்டர்தான்.

சென்னையில் நடந்த முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர்கள் இருவர்: சி.வை.தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை. இருவருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள், வட்டுக்கோட்டைச் செமினரியோடு தொடர்புடையவர்கள். கல்கத்தாவில் 1858-இல் நடந்த முதல் பி.ஏ. தேர்வில் முறைப்படி ஒருவரும் தேறவில்லை. பங்கிம் சந்திர சட்டோபாத்யாயும் யதுநாத் போஸும் ஆறு பாடங்களில் ஐந்தில் தேறி, ஆறாவதில் கொஞ்சம் குறைந்து போனார்கள். குறை 7 மதிப்பெண்ணுக்கு மேல் இல்லை என்று கண்டு, அதைப் போட்டுக் கொடுத்துப் பட்டம் வழங்கினார்கள். பிற்காலத்தில் ‘வந்தே மாதரம்’ எழுதிய கை, கிரேஸ் மார்க்கில் தேறிய கை. இந்தியப் பல்கலைக்கழகத் தேர்வும் கருணை மதிப்பெண்ணும் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள்.

போர்ஷனுக்குள் இருப்பதும் வெளியே நிற்பதும்

தாளில் ஏறியது வாழ்ந்தது. சீவக சிந்தாமணியை முழுதாக அச்சில் பார்க்கத் தமிழ் உலகம் 1887 வரை, உ.வே.சா. பதிப்பு வரும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் அதன் முதல் பகுதியான நாமகள் இலம்பகத்தை மட்டும் பவர் பாதிரியார் 1868-லேயே அச்சிட்டுவிட்டார். கல்லூரி மாணவர்களுக்கு வேண்டியிருந்தது அந்தப் பகுதிதான். மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் கொண்ட காப்பியத்தில் தேர்வுக்குத் தேவையான பங்குக்கு முதலில் அச்சு யோகம் அடித்தது.

தாளுக்கு வெளியே நின்றவர் பாடு வேறு. 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார் சீனிவாச ராமானுஜன். பி.ஏ.வுக்கு முந்தைய படியான எஃப்.ஏ. தேர்வில் ஒரு பாடத்தில் மட்டும் கெட்டிக்காரராக இருந்தால் போதாது. ஆங்கிலம் உட்பட எல்லாவற்றிலும் தேற வேண்டும். மற்ற பாடங்கள் கைவிட, உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தார். அங்கே உடலியல் பாடம் காலை வாரியது. 1907-இல் எஃப்.ஏ. மறுபடி தோல்வி.

இதில் ஒரு முரண் இருக்கிறது. ராமானுஜனின் கணிதத்துக்குத் தீ வைத்தது ஜி.எஸ்.கார் தொகுத்த கணிதச் சூத்திரப் புத்தகம். கார் லண்டனில் கேம்பிரிட்ஜ் டிரைப்பாஸ் தேர்வுக்கு மாணவர்களைத் தயார்செய்த தனிப்பயிற்சி ஆசிரியர். இன்றைய பேச்சில் சொன்னால், கோச்சிங் சென்டர்காரர். ஆயிரக்கணக்கான முடிவுகளை நிரூபணம் சுருக்கி வரிசைப்படுத்திய அந்தப் புத்தகம் தேர்வுக்குத் தயார் செய்கிறவர்களின் கைப்புத்தகம். ஒரு நாட்டுத் தேர்வுக்காகப் பிறந்த ‘நோட்ஸ்’ ஒரு மேதையை எழுப்பியது. இன்னொரு நாட்டுத் தேர்வு அவரை வெளியே தள்ளியது. தள்ளிய சென்னைப் பல்கலைக்கழகமே 1913-இல், பட்டம் இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. அதற்குத் தன் விதியைத் தானே தளர்த்த வேண்டியிருந்தது.

எண்ணும் எழுத்தும்

தாளின் அடியில் இருக்கும் மதிப்பெண் பகுதிக்கு வருவோம். மாணவர்களைத் தரம் பிரித்து எழுதி வைத்த பழைய பதிவுகளில் ஒன்று அமெரிக்காவின் யேல் கல்லூரியில் கிடைக்கிறது. 1785-இல் அதன் தலைவர் எஸ்ரா ஸ்டைல்ஸ், தாம் சோதித்த 58 மாணவர்களை நாலு வகையாகப் பிரித்துத் தம் நாட்குறிப்பில் எழுதினார்: முதல் தரம் 20 பேர், இரண்டாம் தரம் 16, அடுத்தது 12, கடைசி 10. எழுத்துத் தரங்களை விழுக்காட்டோடு முடிச்சுப் போட்டதற்குப் பெயர்பெற்றது மவுண்ட் ஹோல்யோக் என்ற மகளிர் கல்லூரி, ஆண்டு 1897. அங்கே 75-க்குக் கீழே போனால் தோல்வி. 40 எடுத்தால் பாஸ் என்று பழகிய நமக்கு அது கொஞ்சம் கொடுமையாகத்தான் தெரியும். இன்று பல்கலைக்கழக மானியக் குழு சொல்லும் ஓ, ஏ பிளஸ், ஏ, பி பிளஸ் என்ற பத்துப் புள்ளி வரிசை அந்தக் குடும்பத்தின் பேரப்பிள்ளை.

விடைத்தாளின் மேல் பக்கத்தில் பதிவெண்ணைக் கிழித்தெடுத்துவிட்டு டம்மி எண் போடுகிறார்களே, அதன் பூர்வீகம் இன்னும் தூரம். சீனாவின் சோங் அரசர்கள் காலத்தில், ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, அரசுத் தேர்வின் விடைத்தாளில் பெயரை மூடி ஒட்டினார்கள். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று, எழுத்தர்களை வைத்து விடை முழுவதையும் நகலெடுத்து, அந்த நகலைத்தான் திருத்துகிறவரிடம் கொடுத்தார்கள். திருத்துகிறவரை நம்பக் கூடாது என்பதில் அவர்களுக்கு இருந்த உறுதி நம் பல்கலைக்கழகங்களுக்குக்கூட இல்லை.

பென்ஷன் கொடுக்கப் போய்

பொறியியல் பாடத்திட்டத்தில் பாடத்தின் பெயருக்கு வலப்பக்கம் நாலு எழுத்து நிற்கும்: எல், டி, பி, சி. அதன் கீழே 3, 0, 0, 3. வாரத்துக்கு மூன்று மணி விரிவுரை, பயிற்சி வகுப்பு இல்லை, செய்முறை இல்லை, கிரெடிட் மூன்று. கீழே ஐந்து யூனிட், ஒவ்வொன்றுக்கும் 9 பீரியட், மொத்தம் 45. மூன்றைப் பதினைந்து வாரத்தால் பெருக்கினால் அதே 45. செய்முறைப் பாடத்தில் 0, 0, 4, 2 என்று இருக்கும்: நாலு மணி நேரம் ஆய்வகத்தில் நின்றாலும் கிரெடிட் இரண்டுதான், ஏனென்றால் இரண்டு மணி செய்முறைக்கு ஒரு கிரெடிட் என்பது கணக்கு.

அறிவை மணிக்கணக்கில் அளக்கலாம் என்று முதலில் யாருக்குத் தோன்றியது? அதை வேரூன்ற வைத்தது ஓர் ஓய்வூதியத் திட்டம். 1905-இல் எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னகி, அமெரிக்கக் கல்லூரிப் பேராசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக ஒரு கோடி டாலர் ஒதுக்கினார். பணம் வந்ததும் ஒரு சிக்கலும் வந்தது: எது கல்லூரி? உயர்நிலைப் பள்ளி அளவுக்கு நடத்திக்கொண்டு கல்லூரி என்று பலகை மாட்டியவையும் இருந்தன. ஹென்றி பிரிட்செட் தலைமையில் இயங்கிய கார்னகி அறக்கட்டளை ஓர் அளவுகோல் வைத்தது. பள்ளியில் 14 யூனிட் முடித்த மாணவர்களைச் சேர்க்கும் கல்லூரிக்குத்தான் ஓய்வூதியம். ஒரு யூனிட் என்றால் ஓராண்டில் ஒரு பாடத்தை ஏறக்குறைய 120 மணி நேரம் படிப்பது. ஓய்வுபெற்ற பிறகு கஞ்சிக்கு வழி தேடிய பேராசிரியர்கள் இருக்கும்போது எந்தக் கல்லூரி மறுக்கும்? பள்ளிக்கு வைத்த இந்தக் கணக்கோடு கல்லூரியின் கிரெடிட் கணக்கும் சேர்ந்துகொண்டு நாடெங்கும் நிலைத்தது. மாணவன் எவ்வளவு கற்றான் என்று அளக்க அந்தக் கணக்கு பிறக்கவில்லை. எந்தக் கல்லூரிக்குப் பணம் கொடுக்கலாம் என்று வடிகட்டப் பிறந்தது.

இந்தியாவுக்கு இது வந்த வழிகளில் ஒன்று வயல் வழியாக. 1960-இல் பந்த்நகரில் தொடங்கிய வேளாண் பல்கலைக்கழகத்துக்கு அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் துணை நின்றது; அதே ஆண்டு வகுப்புகளைத் தொடங்கிய கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஒன்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கைகொடுத்தன. பருவ முறை, கிரெடிட், பாடம் நடத்துகிறவரே மதிப்பிடுவது ஆகியவை அந்த வளாகங்களில் பழக்கமாயின. ஆண்டு முடிவில் ஒரே ஒரு தேர்வு என்று கிடந்த மற்ற பல்கலைக்கழகங்கள் மெல்லத்தான் அசைந்தன.

கேள்விக்குப் பக்கத்தில் கே2

இன்றைய வினாத்தாளில் கேள்வியின் வலப்பக்கம் இரண்டு சிறிய கட்டங்கள் இருக்கும். ஒன்றில் சி.ஓ.1, சி.ஓ.3 என்று பாடத்தின் விளைவு எண். மற்றதில் கே1, கே2, கே4 என்று அறிவு நிலை. பெரும்பாலான மாணவர்கள் இதை அச்சகத்துக்காரர்களின் குறிப்பு என்று நினைத்துத் தாண்டிப் போகிறார்கள்.

1948-இல் பாஸ்டனில் நடந்த உளவியல் மாநாட்டுக்கு வந்திருந்த கல்லூரித் தேர்வாளர்கள் சிலர் தனியே கூடிப் பேசினார்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒரே மாதிரிக் கேள்விகளைத் தனித்தனியே உட்கார்ந்து தயாரிக்கிறதே, பகிர்ந்துகொள்ளலாமே என்பது யோசனை. பகிர வேண்டுமானால் எந்தக் கேள்வி எந்த மாதிரி அறிவைச் சோதிக்கிறது என்று பொதுவாக வகை பிரிக்க வேண்டும். சிகாகோ பல்கலைக்கழகத் தேர்வுக் குழுவில் இருந்த பெஞ்சமின் புளூம் அந்த வேலையை முன்னின்று நடத்தினார். 1956-இல் வெளிவந்த புத்தகம் நினைவில் வைப்பதில் தொடங்கி மதிப்பிடுவது வரை ஆறு படிகள் வைத்தது. 2001-இல் வந்த திருத்தத்தில் உச்சிப்படியில் படைத்தல் ஏறியது. தேர்வுச் சீர்திருத்தத்துக்கு ஆலோசனை சொல்லப் புளூம் 1950-களின் பிற்பகுதியில் இந்தியாவுக்கே வந்தார். அவருடைய படிகள் பொறியியல் கல்லூரி வினாத்தாளுக்குள் புகுந்தது பல பத்தாண்டுகள் கழித்து. பொறியியல் பட்டங்களைப் பல நாடுகள் ஒன்றையொன்று அங்கீகரிக்க 1989-இல் உருவான வாஷிங்டன் ஒப்பந்தத்தில் 2014-இல் இந்தியா முழு உறுப்பினரானது. ‘எங்கள் மாணவருக்கு இன்னின்ன தெரியும்’ என்று ஆதாரத்தோடு காட்ட வேண்டிய கட்டாயம் அதோடு இறுகியது. அந்த ஆதாரம்தான் சி.ஓ., கே எல்லாம்.

மாணவருக்கு இதனால் கைமேல் பலன் உண்டு. ‘வரையறு’, ‘பட்டியலிடு’ என்றால் கே1. புத்தகத்து வரியே போதும். ‘விளக்கு’ என்றால் கே2. ‘ஒப்பிட்டு ஆராய்க’ என்றால் கே4. அங்கே மூன்று பக்கம் மனப்பாடத்தை இறக்கினாலும் ஒப்பீடு இல்லையென்றால் மதிப்பெண் ஏறாது. “நல்லாத்தான் எழுதினேன், மார்க் வரலை” என்ற புலம்பலுக்குப் பாதிக் காரணம் கேள்வியின் வினைச்சொல்லைப் படிக்காததுதான்.

யூனிட்டுக்கும் அதே கதை. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளின் வழக்கமான வினாத்தாளில் பத்து இரண்டு மதிப்பெண் கேள்விகள், ஐந்து பதிமூன்று மதிப்பெண் கேள்விகள், ஒரு பதினைந்து மதிப்பெண் கேள்வி. பதிமூன்றில் ‘அ அல்லது ஆ’ என்று இரண்டு வாய்ப்பு உண்டு; ஆனால் இரண்டும் ஒரே யூனிட்டிலிருந்து வரும். ‘எட்டில் ஐந்து எழுது’ என்ற பழைய தாளில் இரண்டு யூனிட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போகலாம். அந்த வழி இங்கே அடைபட்டிருக்கிறது.

இன்டர்னல்

ஆசிரியரிடமிருந்து பறித்த அதிகாரம் திரும்பிய கதைதான் இன்டர்னல் மார்க். 1948-49-இல் ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்வி ஆணையம் நம் தேர்வு முறையைக் கடுமையாகச் சாடியது. ஒவ்வொரு பாடத்திலும் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணை ஆண்டு முழுக்க வகுப்பில் செய்யும் வேலைக்கு ஒதுக்கச் சொன்னது. சொன்னதோடு சரி, ஆசிரியர் கையில் மதிப்பெண் கொடுக்கப் பல்கலைக்கழகங்கள் பயந்தன.

அணை உடைந்தது 1978-இல். சென்னை லயோலா, கிறித்தவக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி போன்ற சில கல்லூரிகள் தன்னாட்சி பெற்றன. பாடத்திட்டத்தைத் தாங்களே எழுதலாம், தேர்வைத் தாங்களே நடத்தலாம்; பட்டத்தில் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும். 1857-இல் பிரிந்த ஆசிரியரும் தேர்வாளரும், 121 ஆண்டுகள் கழித்து, சில வளாகங்களுக்குள்ளாவது மறுபடி ஒரே மேசைக்கு வந்தார்கள்.

மற்ற இடங்களில் பங்கு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூடியது. கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் இன்று 25-க்கு 75. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் வெகுகாலம் 20-க்கு 80 என்று இருந்தது; 2021 ஒழுங்குமுறையில் எழுத்துப் பாடங்களுக்கு 40-க்கு 60 ஆனது. ராதாகிருஷ்ணன் ஆணையம் கேட்ட மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

ஆனால் பழைய சந்தேகம் முழுதாகப் போகவில்லை. அதே ஒழுங்குமுறையில் ஒரு நிபந்தனையைப் பாருங்கள்: மொத்தத்தில் 50 விழுக்காடு வேண்டும், அதோடு, செமஸ்டர் தேர்வில் தனியாக 45 விழுக்காடு வேண்டும். ஒரு மாணவி இன்டர்னலில் 40-க்கு 40 வாங்கியிருக்கிறாள். செமஸ்டர் தாளில் நூற்றுக்கு 44. அது 60-க்கு 26.4 ஆகிறது. கூட்டினால் 66-ஐத் தாண்டுகிறது. ஆனாலும் அரியர். பக்கத்து பெஞ்சுப் பையன் இன்டர்னலில் 25, தேர்வில் 45, கூட்டினால் 52, அவன் பாஸ். ‘உங்கள் ஆசிரியரை நம்புகிறோம், ஆனால் முகம் தெரியாத ஒருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும்’ என்கிறது விதி. இது தெரியாமல் ‘இன்டர்னல் முழுசா இருக்கு’ என்று மெத்தனமாக இருப்பவர்களைத்தான் அரியர் பிடிக்கிறது.

மூன்றாவது ஆள்

ஆசிரியர், தேர்வாளர் என்ற இருவர் வழக்கில் மாணவர் வெகுகாலம் பேசாமல் நின்றவர். 2011 ஆகஸ்டில் சி.பி.எஸ்.இ. எதிர் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம், திருத்திய விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பார்க்கத் தேர்வு எழுதியவருக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. மீனாட்சிசுந்தரம் பிள்ளை காலத்திலும் இல்லாத, 1857-இலும் இல்லாத ஒரு சாவி அது: சோதித்தவர் சரியாகச் சோதித்தாரா என்று சோதனைக்கு உட்பட்டவரே பார்க்கலாம்.

செமஸ்டர் தாளுக்கு இவ்வளவு காவல் இருக்கிறது. பாடத்திட்டம் அச்சில், வினாத்தாளுக்கு வடிவம், விடைத்தாளுக்கு டம்மி எண், திருத்தியதற்கு நகல், மறுமதிப்பீடு. இன்டர்னலுக்கு? அந்த 25-ஓ 40-ஓ எந்தச் சோதனைக்கு எத்தனை, அசைன்மென்ட்டுக்கு எத்தனை, செமினாரில் எதைப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள், ஒரு தேர்வுக்கு வராமல் போனால் மாற்று உண்டா என்பதையெல்லாம் பல பாடங்களில் இன்னும் ஆசிரியரின் வாய்மொழியாகத்தான் மாணவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். செமஸ்டர் முடிவில் பலகையில் எண்ணை ஒட்டிய பிறகு போய்க் கெஞ்சுவதில் பயன் இல்லை. முதல் வாரத்தில், சிலபஸ் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “இன்டர்னல் பிரிப்பை எழுதிக் கொடுத்துடுங்க மேடம்” என்று வகுப்பே சேர்ந்து கேட்கலாம். 1857-இல் கும்பகோணத்து ஆசிரியருக்குச் சென்னையிலிருந்து எழுத்தில் வேண்டியிருந்ததும் இதே உறுதிதான். அவருக்குக் கொடுத்தார்கள்.